ஏழாவது கால்

நம்பகமான எலக்ட்ரானிக் போர்டு போடறது எப்படின்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார்னு பட்டறைப் பசங்க போன் பண்ணிக் கேட்டாங்க. இப்பெல்லாம் போர்டு வரையறதைக் கம்ப்யூட்டரே பண்ணிருதாம். கரண்டு ஓடற செம்புக் கோடு, அதான் டிராக், எது எங்கே போகணும்னு அதுவே முடிவு பண்ணி, அதுவே சரி பார்த்து, பச்சைக் குறியும் போட்டுக் குடுத்துருதாம். அதனால பழைய ஆளுங்க கையால எப்படிப் பார்த்தாங்கன்னு ஒரு தொகுப்பு கொண்டு வாராங்களாம். நான் பார்க்கலாம் பார்க்கலாம்னு தள்ளி விட்டிருப்பேன். பேச்சோட பேச்சா ஒருத்தன், "ரோஸ்லின் மேடம் எட்டுப் பக்கம் அனுப்பிட்டாங்க சார்"னு சொன்னான். அன்னிக்கே செம்மேட்டுக்குப் போய் நோட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

சிரிக்காதீங்க. ஓய்வு வாங்கி மலையேறி வந்து உக்கார்ந்தப்புறமும் ஒரு பொம்பளை எத்தனை பக்கம் எழுதினாள்னு கணக்குப் பார்க்கறவன் நான். இந்த வயித்தெரிச்சல் மட்டும் இல்லேன்னா என் பாதி போர்டு சுமாராத்தான் இருந்திருக்கும். அதை மறைச்சு எழுதினா இது அனுபவம் ஆகாது, புருடா ஆயிரும்.

எனக்கு ஊரு கொல்லிமலையில திருப்புலி நாட்டுப் பக்கம். அப்பா மரவள்ளியும் மிளகும் போட்டாரு. நான் கீழே இறங்கி சேலத்துல டிப்ளமோ படிச்சேன். அப்புறம் ரெண்டு வருஷம் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில, அடுத்தவன் போட்ட போர்டு எப்படியெல்லாம் கருகுதுன்னு பார்த்தேன். அதுக்கப்புறம் ராசிபுரத்துல காதர் பாய் பட்டறை. அரிசி மில்லு, எடை மிஷினு, குளிர்ப் பெட்டி இதுக்கெல்லாம் கன்ட்ரோல் போர்டு செய்யற இடம். படிப்பைப் பத்திச் சொல்ல இவ்வளவுதான் இருக்குது. நான் உண்மையாப் படிச்சது பாயோட சுவத்துக்கு முன்னாடி நின்னப்பத்தான்.

பாய் ஒல்லியான மனுசன். வெள்ளைச் சட்டை, கழுத்துல கயித்துல கட்டித் தொங்கற பூதக்கண்ணாடி. யாரையும் திட்ட மாட்டாரு. நாம வரைஞ்ச போர்டைப் பத்து மடங்கு பெருசாக்கித் தாள் தாளா அச்சடிச்சு, ஒட்டுப் போட்டு, சுவத்துல ஒட்டச் சொல்லுவாரு. எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காருவாரு. பட்டறை ஆளுங்க எல்லாரும் பின்னாடி நிக்கணும். போர்டு நடுவுல பூரான் மாதிரி வரிசையாக் கால் வெச்சு உக்கார்ந்திருக்கிற ஐ.சி.யைக் காட்டி முதல் கேள்வி கேப்பாரு: "ஏனுங்க தம்பி, இந்தக் காலுக்கு வந்த கரண்டு எந்த வழியா ஊட்டுக்குத் திரும்புது?"

நாம விரலை வெச்சு அந்த வழியைக் காட்டணும். போற வழியை எவன் வேணா காட்டுவான், டிராக் போட்டிருக்கோமே. திரும்பற வழி இருக்குதே, அங்கதான் வேர்த்துக் கொட்டும். கரண்டு திரும்பற பொது வழிக்குக் கிரவுண்டுன்னு பேரு, அதுக்குன்னு செம்பை நிரப்பி வெச்சிருப்போம். நடுவுல ஒரு டிராக் குறுக்கே வெட்டிட்டுப் போயிருக்கும். கரண்டு ஊரைச் சுத்தித்தான் திரும்பணும். அப்படிச் சுத்தற கரண்டு பக்கத்து டிராக்கையெல்லாம் நோண்டிட்டே போகும். விரல் தாளை விட்டு ஒரு தடவை எந்திரிச்சாலும் போச்சு. "சரிங்க தம்பி, டீ குடிச்சுட்டு வாங்க"ன்னு சொல்லுவாரு. மறுபடியும் முதல்லருந்து வரைன்னு அதுக்கு அர்த்தம். அந்தப் பட்டறையில சேர்ந்தப்புறம் எனக்கு டீயே பிடிக்காமப் போச்சு.

ரெண்டாவது, ஐ.சி.க்குக் கரண்டு குடுக்கிற காலுக்கு ஒட்டினாப்புல, கரண்டைக் கொஞ்சம் சேர்த்து வெச்சுக்கிற ஒரு சின்னக் கெபாசிட்டர் இருக்கணும். "சமைக்கிறவ கைக்கு எட்டற மாதிரி ஒரு குடம் தண்ணி வேணும். ஒவ்வொரு வாட்டியும் கிணத்துக்கு ஓடினா சோறு வேகாது"ன்னு சொல்லுவாரு. அது எத்தனை தூரத்துல இருக்குதுன்னு ஸ்கேல் வெச்சு அளப்பாரு.

மூணாவதுதான் எங்க பட்டறைக்கே உரிய சட்டம். ஐ.சி.யில ஒரு காலும் சும்மா கெடக்கக் கூடாது. உபயோகப்படாத காலை அந்தரத்துல விட்டா அது பக்கத்துல போற வர்ற சத்தத்தையெல்லாம் வாங்கி உள்ளே ஏத்தும். அதனால சும்மா இருக்கிற காலையெல்லாம் கிரவுண்டுல கட்டிரணும். முன்னாடி ஒரு எடை மிஷின்ல அப்படி விட்ட ஒத்தைக் காலால பாய் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அப்பருந்து இது வேதவாக்கு. நாங்க கனவுலகூடக் காலைக் கட்டிட்டிருந்தோம்.

நான் சேர்ந்து ஏழு வருஷம் கழிச்சு ரோஸ்லின் வந்தா. திருநெல்வேலிக்காரி. வந்த அன்னிக்கே என்னை "அண்ணாச்சி"ன்னு கூப்பிட்டா. மளிகைக் கடை வெச்சிருக்கிறவனைக் கூப்பிடற மாதிரி இருக்குதுன்னு சொன்னேன். "எங்க ஊர்ல அது மரியாதை அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க"ன்னா. முதல் போர்டு சுவத்துல ஏறின அன்னிக்கு விரலை வெச்சா, எடுக்கவே இல்லை. பாய் குறுக்க மறுக்க எத்தனை கேட்டும் விரல் பாட்டுக்குப் போய்ட்டு வந்துச்சு. எனக்கு அந்த இடத்துக்கு வர நாலு வருஷம், எத்தனையோ டீ ஆச்சு.

பாய் பூதக்கண்ணாடியைக் கீழே விட்டுட்டு, "நெம்ப நல்லா இருக்குது கண்ணு"ன்னாரு.

எங்க பக்கம் கண்ணுங்கிறது பெரிய வார்த்தை இல்லீங்க. பஸ் கண்டக்டர்லருந்து காய்க்காரம்மா வரைக்கும் எல்லாரும் எல்லாரையும் கண்ணும்பாங்க, சாமிம்பாங்க. ஆனா பாய் பட்டறைக்குள்ள யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏழு வருஷமா நான் வெறும் தம்பி. அவ ஒரே நாள்ல கண்ணு! எனக்கு அடிவயித்துல தீ வெச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் வருஷக்கணக்கா ஒவ்வொரு கண்ணுவுக்கும் அது எரிஞ்சுது. ஊட்டுல சோத்துக்கு உக்கார்ந்தா அவ பேச்சுத்தான் பேசுவேன். "அவளை நினைக்கிற நேரத்துல போர்டை நினைச்சா நீங்க எங்கியோ போயிருப்பீங்க"ன்னு என் ஊட்டுக்காரி சொல்லுவா. நியாயந்தான்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். பாய்க்கு வயசாகி, டிசைன் பிரிவை யாராவது ஒருத்தர் கையில குடுத்துரணும்னு பேச்சு வந்த சமயம். இருந்தது நாங்க ரெண்டு பேரு. நான் மூத்தவன், அவ கெட்டிக்காரி. அப்பத்தான் சுகாதார நிலையங்கள்ல தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜுக்கு ஒரு அலாரம் போர்டு கேட்டு ஆர்டர் வந்துச்சு. உள்ளே சூடு ஏறினா கத்தணும், அவ்வளவுதான் வேலை. கத்த வேண்டிய நேரத்துல கத்தலேன்னா ஊசி கெட்டுப் போகும், கெட்டது தெரியாமக் குழந்தைக்குப் போட்டுருவாங்க. பாய் அதை ரோஸ்லின்கிட்டக் குடுத்தாரு.

அந்த போர்டுக்கு நடுவுல, சூட்டை அளந்து எண்ணாச் சொல்ற ஒரு பதினாறு கால் ஐ.சி. அதே ஐ.சி.யை நான், ஜவ்வரிசி செய்யற ஒரு சேகோ மில்லு போர்டுல போட்டுட்டிருந்தேன். ஐ.சி.க்கு ஜாதகம் மாதிரி ஒரு டேட்டாஷீட் உண்டு. ஒவ்வொரு காலும் எதுக்குன்னு அதுல இருக்கும். ஏழாவது காலுக்கு நேரா என்.சி.ன்னு ரெண்டே எழுத்து, நோ கனெக்ஷன். உள்ளே ஒண்ணுமே இல்லை, வெறும் கால்னு அதுக்கு அர்த்தம்னு நாங்க எல்லாரும் நினைச்சிருந்தோம். பழைய ஐ.சி.யில அது உண்மையும்கூட. ஆனா கம்பெனிக்காரன் ஐ.சி.யை உள்ளுக்குள்ள மாத்திட்டான். புது டேட்டாஷீட் ஏஜென்ட் மூலமா எனக்கு வந்துச்சு. பதினோராம் பக்கத்துல, அடியில, பொடி எழுத்துல: ஏழாவது காலைத் தொழிற்சாலையில சோதனைக்கு உபயோகிக்கிறோம், அதை எதோடவும் சேர்க்காதீங்க, அப்படியே விடுங்க. அதே என்.சி.தான். உள்ளே ஒண்ணும் இல்லைங்கிற அர்த்தம் போய், தொடாதேங்கிற அர்த்தம் வந்துருச்சு.

படிச்சேன். என் சேகோ மில்லு போர்டுல அந்தக் காலைச் சத்தமில்லாம அவுத்து விட்டேன். தாளை டிராயர்ல வெச்சேன்.

ரோஸ்லினோட அலாரம் போர்டு சுவத்துல ஏறுச்சு. நான் பின்னாடி நிக்கிறேன். விரல் ஒவ்வொரு காலா வந்து ஏழாவதுல நின்னுச்சு. "இது?"ன்னு பாய் கேட்டாரு.

"சும்மா இருக்கிற கால் பாய். கிரவுண்டுல கட்டிட்டேன்."

எனக்கு வாய் திறந்துச்சு. சத்தியமாத் திறந்துச்சு. "பாய், புதுத் தாள் ஒண்ணு வந்திருக்குது"ன்னு அஞ்சாறு வார்த்தைதான். அதுக்குள்ள அவரு, "அப்படித்தான் கண்ணு"ன்னாரு. நான் வாயை மூடிட்டேன்.

யாரும் என்னைக் கேக்கலையேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது என் போர்டு இல்லையேன்னும் சொல்லிக்கிட்டேன். சோதனையில மாட்டும், மாட்டினா அவளே பார்த்துக்குவான்னும் நினைச்சேன். எங்க சோதனையும் சாதாரணமில்லை. சூட்டுப் பெட்டியில வெச்சாங்க, தண்ணி தெளிச்சாங்க, சுவிட்சை நூறு தடவை போட்டுப் போட்டு அணைச்சாங்க. போர்டு எல்லாத்துலயும் தேறிருச்சு. தேறாம? சுவிட்சைப் போட்டா கரண்டு டக்குனு முழுசா வரும். அப்ப அந்த ஐ.சி. ஒழுங்காத்தான் முழிக்கும்.

ரெண்டு மாசத்துல போன் வந்துச்சு. கொல்லிமலையில ஒரு சின்ன சுகாதார நிலையம். ஃபிரிட்ஜுக்குள்ள சூடு ஏறியும் அலாரம் கத்தலை. எனக்கு அப்பத்தான் தெரியும், அந்த போர்டெல்லாம் என் மலைக்குப் போயிருக்குதுன்னு. "நீங்க அந்த ஊர்க்காரரு, கூடப் போய்ட்டு வாங்க தம்பி"ன்னு பாய் என்னையும் ரோஸ்லினோட அனுப்பினாரு. ஊமை ஊரைக் கெடுக்கும்னு எங்கம்மா சொல்லும். என் சொந்த ஊரையே கெடுத்துட்டு அந்தக் கொண்டை ஊசி வளைவெல்லாம் பஸ்ல ஏறினேன்.

அங்க இருந்த நர்ஸம்மா பேரு சாந்தி. தர்மபுரிக்காரங்க, நல்ல உஷார். நம்ம போர்டை நம்பாம, உள்ளே ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரும் வெச்சிருந்தாங்க. "உங்க பெட்டி அஞ்சு டிகிரிங்குது சார், என் தெர்மாமீட்டர் பன்னெண்டுங்குது. எதை நம்பட்டும்?"னு கேட்டாங்க. அந்த ஊசி மருந்தை எல்லாம் அவங்களே எடுத்து ஒதுக்கிட்டாங்க. அந்த மகராசி புண்ணியத்துல எந்தக் குழந்தைக்கும் கெட்ட மருந்து போகலை.

முதல் நாள் ரோஸ்லின் பனி ஈரத்தைச் சந்தேகப்பட்டா. போர்டைக் கழட்டி, ஸ்பிரிட்டால கழுவி, காய வெச்சு, மேல வார்னிஷ் பூசினா. நல்லா ஓடுச்சு. மறு நாள் காத்தடிச்சு மணிக்கணக்காக் கரண்டு இல்லை. போர்டுல இருந்த பேட்டரியும் இறங்கிப் போச்சு. கரண்டு வந்தப்புறம் பார்த்தா மறுபடியும் அஞ்சு, அஞ்சு, அஞ்சு. சுவிட்சை அணைச்சுப் போட்டா சரியாயிருச்சு. அவ சம்மணம் போட்டுக் கீழே உக்கார்ந்து வெகு நேரம் யோசிச்சா. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டா.

"அண்ணாச்சி, இது உங்க ஊருல்லா. இங்க கரண்டு போய்ட்டுத் திரும்பும்போது எப்படி வரும்?"

எப்படி வரும்னு என்னை விட யாருக்குத் தெரியும்? கரண்டு வர்றப்ப மலையில இருக்கிற மோட்டாரெல்லாம் ஒண்ணா இழுக்கும். பல்பு முதல்ல சிவப்பா ஒரு கம்பி மாதிரித் தெரியும், அப்புறம் மஞ்சளாகும், அப்புறம் தட்டுத் தடுமாறி வெளிச்சத்துக்கு வரும். அப்படி மெதுவா ஏறற கரண்டுலதான், ஏழாவது காலைக் கட்டிப் போட்டிருந்தா அந்த ஐ.சி. சோதனை நிலைக்குள்ள போய் விழுந்துரும். ஒரே எண்ணையே சொல்லிட்டு உக்கார்ந்திருக்கும். பாதி விஷயம் தாள்ல இருந்துச்சு, மீதியை நான் பொறந்ததுலருந்து பார்த்துட்டிருக்கேன். ரெண்டையும் சேர்த்துச் சொல்ல அந்த மலையில ஒரே ஆளு நான்தான்.

"எல்லா ஊரு மாதிரித்தான் வரும்"னு சொன்னேன்.

வாயடைச்சு நின்னது ஒரு பாவம்னா, இது வேற. இது பொய். அவ கண்டுபிடிக்காம மலையிறங்கணும்னு நான் ஆசைப்பட்டேன். அதை நல்ல தமிழ்ல சொல்ல எனக்குத் தெரியலை.

அன்னிக்குத் தடுப்பூசி போடற நாள். தாய்மாருங்க கைக்குழந்தையோட வரிசையா வந்தாங்க. மருந்து இல்லைன்னு நர்ஸம்மா ஒவ்வொருத்தரையாத் திருப்பி அனுப்பினாங்க. அதுல என் தங்கச்சி மக. அவளுக்கு அது முதல் குழந்தை, ரெண்டு மாசம்கூட ஆகலை. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா! உங்க கம்பெனிப் பெட்டியா இது? அப்பக் கவலையில்லை. நீங்க வந்துட்டீங்கல்ல, சரி பண்ணிருவீங்க"ன்னா. குழந்தையை என் கையில குடுத்து, "தாத்தாவைப் பாரு சாமி"ன்னா. எனக்கு அந்தக் குழந்தை முகத்தைப் பார்க்க முடியலை. அத்தனை மேடு ஏறி வந்தவ அதைத் தோள்ல போட்டுட்டுத் திரும்பி நடந்தா.

மூணாவது நாள் காலையில, கூடக் கொண்டு போயிருந்த வேரியாக்கை எடுத்தேன். அது கையால திருகி வோல்டேஜை ஏத்தி இறக்கற பெட்டி. பேட்டரியைக் கழட்டிட்டு, பூஜ்யத்துலருந்து எங்க ஊரு பல்பு எரியற வேகத்துல மெதுவாத் திருகினேன். போர்டு அஞ்சுன்னுச்சு. சூடு பார்க்கிற சென்சாரை உள்ளங்கையில வெச்சு மூடினேன். அப்பவும் அஞ்சு. ஒரு பிளேடை எடுத்து, காலை ஒட்டியிருந்த சோல்டர் ஈயத்தைச் சூடு பண்ணி, ஏழாவது காலை மட்டும் நெம்பித் தூக்கி விட்டேன். மறுபடி மெதுவாத் திருகினேன். எண்ணு இருபது, இருபத்தஞ்சுன்னு ஏறி, அலாரம் காது கிழியக் கத்துச்சு. நர்ஸம்மா கை தட்டினாங்க.

ரோஸ்லின் தட்டலை. தூக்கி நின்ன காலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "நல்லாக் கண்டுபிடிச்சிய அண்ணாச்சி"ன்னா.

ராசிபுரத்துக்குப் போன் போட்டுப் பாய்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். பாய், "உங்க ஊரு கரண்டு உனக்குத்தானே தெரியும் கண்ணு"ன்னாரு. அது கசந்துச்சுன்னு எழுதினா நீங்க என்னை நல்லவன்னு நினைப்பீங்க. கசக்கலை. இனிச்சுது. அந்த ஒண்ணைத்தான் எனக்கு இன்னி வரைக்கும் மன்னிக்க முடியலை.

அடுத்த மாசம் டிசைன் பிரிவு என் கைக்கு வந்துச்சு. மலையில மத்த இடத்துல இருந்த போர்டையெல்லாம் நானே போய்ச் சரி பண்றேன்னு ரோஸ்லின் கேட்டு வாங்கிக்கிட்டா. பிளேடும் சோல்டர் பண்ற சூட்டுக்கோலும் எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு நிலையமா ஜீப்புலயும் நடந்தும் போய் அந்தக் காலைத் தூக்கி விட்டுட்டு வந்தா. அதுக்கப்புறம் அவ போர்டெல்லாம் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் வெளியே போகும்னு பாய் உத்தரவு போட்டாரு. ஒன்பது வருஷம் போட்டேன். அதுல ஒரு தப்பாவது கண்டுபிடிக்கணும்னு பூதக்கண்ணாடி வெச்சுத் தேடியிருக்கேன். நான் நல்லா போர்டு பார்க்கக் கத்துக்கிட்டது அப்படித்தான். ஒண்ணும் கிடைக்கலை.

பசங்க கேட்டதுக்காக இதையும் சொல்லிடறேன். சும்மா இருக்கிற கால்ல ரெண்டு வகை இருக்குது. சேதி வாங்கற கால் சும்மா இருந்தா அதை எங்கேயாவது கட்டத்தான் வேணும். என்.சி.ன்னு போட்ட காலைக் கட்டறதுக்கு முன்னாடி தாளைக் கேளுங்க, அதுவும் கடைசியா வந்த தாளைக் கேளுங்க. சோதனை மேசையில கரண்டை டக்குனு மட்டும் குடுக்காதீங்க, தவழ விட்டும் பாருங்க. உங்க கம்ப்யூட்டர் பச்சைக் குறி போடும். அது எந்தத் தாளைப் படிச்சுட்டுப் போட்டுச்சுன்னு கேளுங்க.

நான் ஓய்வு பெற்ற அன்னிக்கு மாலை, சால்வை எல்லாம் முடிஞ்சு, எல்லாரும் கேக்கு சாப்பிடப் போனாங்க. ரோஸ்லின் மட்டும் என் மேசையை ஒதுக்கி வெச்சுட்டிருந்தா. அடுத்த நாள்லருந்து பிரிவு அவ கையில. எனக்கு இதை வயித்துல வெச்சுக்கிட்டு மலையேற முடியாதுன்னு தோணுச்சு. சொல்லிட்டேன். புதுத் தாள் முன்னாடியே என்கிட்ட இருந்ததையும் சொன்னேன், கரண்டைப் பத்திப் பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவ கையில இருந்த ஃபைலைக் கீழே வெச்சா. "தெரியும் அண்ணாச்சி. பதினாறு கால் இருக்கு. டேட்டாஷீட்டைப் பிரிக்காமலே நேரா ஏழாவதுக்கு பிளேடைக் கொண்டு போனீங்களே. அப்பவே தெரியும்"ன்னா.

"அப்புறம் ஏன் பாய்கிட்டச் சொல்லலை? இத்தனை வருஷம் எனக்குக் கீழே இருந்தியே?"

"என்னன்னு சொல்லுவேன்? போர்டு என்னுது. அந்தக் காலைக் கட்டினது என் கை. புதுசாத் தாள் வந்திருக்கான்னு தேடாதவ நான். என் போர்டுல இருக்கிற தப்பு என் தப்பு அண்ணாச்சி. அதுல உங்களுக்குப் பங்கு கிடையாது"ன்னா. கோவமா இல்லை, சாதாரணமாத்தான் சொன்னா. சொல்லிட்டு ஃபைலை எடுத்து அலமாரியில அடுக்கப் போயிட்டா.

விரல், பேரு, பாய் வாயில வந்த வார்த்தைன்னு அவகிட்ட இருந்த எல்லாத்துக்கும் பொறாமைப்பட்டவன் நான். அன்னிக்கு அந்தத் தப்பையும் அவளே மொத்தமா எடுத்துக்கிட்டா. அதுக்கும் பொறாமைப்பட்டேன், ஆமாங்க. இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். அவ எழுதி அனுப்பினதுல அது அவ தப்புன்னு இருந்தா அந்த வரியை அடிச்சுருங்க. காலைக் கட்டினது அவளா இருக்கலாம். கட்டினது தப்புன்னு தெரிஞ்சு நின்னது நான். அந்தத் தப்பு என்னுது. கீழே என் பேரைப் போடுங்க: பொன்னுசாமி.